மஞ்சள் குடமும் ஆறு கெளுத்தியும்

கண்ணடித்தான்... நிச்சயமாகக் கண்ணடித்தான்.

லீமா வெடுக்கென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். திருப்பி என்ன பயன்? மழைக்காக எல்லா ஷட்டரையும் இறக்கிவிட்டிருந்தார்கள். துருப்பிடித்த தகரத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? பக்கத்தில் அத்தை கித்தேரியம்மாள், வத்தலக்குண்டில் ஜெபமாலையோடு தொடங்கிய தூக்கத்தை இன்னும் முடிக்கவில்லை. லீமாவின் மடியில் புதுக் குடம். மஞ்சள் நிறம், மூடி போட்ட பிளாஸ்டிக் குடம். சந்தையில் அத்தை கடை கடையாக ஏறி இறங்கிப் பார்த்து வாங்கியது.

எதிர்ச் சீட்டுக்காரன் ஸ்வெட்டருக்குள் எதையோ ஒளித்து வைத்திருந்தான். ஏறியதிலிருந்து அதை இரண்டு கையாலும் அணைத்தபடி உட்கார்ந்திருந்தான். கோழிக்குஞ்சா, திருட்டுச் சாமானா என்று தெரிந்துகொள்ளத்தான் அவள் பார்த்தாள். வேறு எதற்கும் இல்லை. அப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ சிமிட்டியது. நிமிர்ந்தால் அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான். பெரிய கண்கள், மழையில் நனைந்த இமைகள்... அந்தக் கண்களைத் தவிர வேறு எது சிமிட்டியிருக்கும்?

பேசாமல்தான் இருந்திருப்பாள். ஆனால் காலடியில் ஜில்லென்று தண்ணீர் ஓடிவந்து புதுச் செருப்பை நனைத்தது.

"ஏங்க... ஒங்ககிட்ட இருந்துதான் தண்ணி ஒழுகுது. அதோட, கண்ணடிக்கிற சோலியெல்லாம் இந்த பஸ்ஸுல வேண்டாம்."

அவன் பதறிக் குனிந்தான். "தண்ணி என்னோடதுதாங்க. கண்ணடிச்சது நான் இல்லைங்க."

"பெறகு?"

அவன் ஸ்வெட்டரை விலக்கினான். உள்ளே ஒரு பாலிதீன் பை. பைக்குள் ஆறு குட்டி மீன்கள். சாம்பல் உடம்பில் மிளகைத் தூவியதுபோல் கறுப்புத் திட்டுகள். வாயோரத்தில் சின்னச் சின்ன மீசை. அடியில் ஒட்டிக் கிடந்த ஒன்று அவளைப் பார்த்துக் கண்ணைக் கீழே உருட்டி மேலே கொண்டுவந்தது. நல்ல பழகிய ஆள்போலக் கண்ணடித்தது.

"கெளுத்தி ஜாதிங்க. மெட்ராஸ்ல இருந்து வந்தது. கண்ணை இப்படித்தான் உருட்டும். யாரைப் பாத்தாலும் செய்யும்... ஒங்களை மட்டும்னு நெனச்சுக்காதீங்க."

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். லீமாவுக்குச் சுருக்கென்றது. மறுபடி தகரத்தைப் பார்க்கத் திரும்பப் போனாள். ஆனால் அவன் முகம் போன போக்கு அவளைத் திரும்ப விடவில்லை. பையில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. கெளுத்தியின் துடுப்பில் முள் உண்டு, அது பையைக் குத்திவிடும், அதனால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பை போடுவதுதான் வழக்கம், பஸ் கிளம்புகிற அவசரத்தில் ஒற்றைப் பையில் போட்டுவிட்டேன் என்று அவன் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னான். சொல்லிவிட்டு அவள் மடியைப் பார்த்தான்.

"அந்தக் குடத்தைக் குடுப்பீங்களா?"

"இது குடிக்கிற தண்ணிக்கு வாங்குனதுங்க."

"அதுங்களும் குடிக்கத்தானேங்க செய்யும்..."

சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத்தான் குடத்தை வேகமாக நீட்டினாள். தண்ணீரோடு மீன்கள் ஒவ்வொன்றாகக் குடத்துக்குள் போயின. பஸ் மேலே ஏற ஏறக் குளிர் கூடியது. அவன் குடத்தை உள்ளங்கைகளால் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கப் பார்த்தான். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தன் சால்வையை உருவிக் குடத்தைச் சுற்றிக் கட்டினாள். மீனுக்காகத்தான்...

அத்தை கண் விழித்தபோது காரியம் கைமீறியிருந்தது. "ஏலே, யாரு பெத்த பிள்ளைலே நீ? நாங்க இன்னும் ஒரு வாய் தண்ணி ஊத்திக் குடிக்காத குடம்டா அது."

ஊர் பண்ணைக்காடு, பெயர் அடைக்கலராஜ், எலக்ட்ரீசியன் என்று அவன் ஜெபம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தான். கொடைக்கானலில் பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கெளுத்திகள், குடத்தைக் கட்டாயம் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்றான். கண்டக்டர் நல்லசாமி, ஆறு பேருக்கும் அரை டிக்கெட்டாவது எடுக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

 வரும் திங்கட்கிழமை முதல் அதே கிளினிக்கில்தான் லீமாவுக்கு வேலை. அதை ஏன் சொல்லவில்லை? அவளுக்கே தெரியவில்லை.

அது எண்பத்து மூன்றாம் வருஷம், ஆகஸ்ட் மாதம்.

*

திங்கட்கிழமை கிளினிக்குக்குள் நுழைந்து, தொட்டிக்குப் பக்கத்தில் அவளைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் கீழே விழுந்தது. குடம் எங்கே என்று கேட்டாள். அடுத்த தடவை என்றான்.

அடுத்த தடவையும் அடுத்த தடவைதான்.

பல் பிடுங்க வரும் குழந்தைகள் அழாமல் இருக்கத்தான் டாக்டரம்மா அந்தத் தொட்டியை வைத்திருந்தார். மேலே கப்பி மீன்கள் கலர் கலராகச் சிதறும். நடுவில் ஏஞ்சல் மீன்கள் ராணிமாதிரி நகரும். வாள்வால் மீன்கள் ஒன்றையொன்று துரத்தும். கெளுத்திகள் மட்டும் அடியிலேயே, மீசையால் தரையைத் தடவித் தடவி, மற்றவை விட்டுவைத்ததைப் பொறுக்கிக்கொண்டு போகும். அவ்வப்போது ஒன்று அம்புமாதிரி மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். முதல் நாள் அதைப் பார்த்துப் பயந்து போனாள். அது மூச்சு வாங்குதுங்க, சாவு இல்லை என்றான்.

சனிக்கிழமைதோறும் மாலையில் அவன் வருவான். பழைய தண்ணீரைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவான். கெட்டிலில் கொதிக்கவைத்த தண்ணீரைக் கலந்து, விரலை விட்டுப் பார்த்து, மறுபடி கலந்து, மறுபடி பார்த்து... கைக்குச் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. கொடைக்கானல் தண்ணீர் பச்சையாகப் பட்டால் மீன் விறைத்துவிடும் என்பான். அவ்வளவு பதம் பார்ப்பவனைப் பார்க்க லீமாவுக்கு ஒரு பக்கம் சிரிப்பு. இன்னொரு பக்கம், அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று பயம்.

ஒருமுறை அவள் ஆசையாகக் கலர் ஜல்லி வாங்கிவந்து தொட்டியின் அடியில் பரப்பி வைத்திருந்தாள். அவன் வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டான்.

"என்னங்க இது... ராத்திரியெல்லாம் கழுவி வச்சேன்."

"ஓரமெல்லாம் கூருங்க. அதுல தேச்சுத் தேச்சு மீசை போயிரும்."

"மீசை போனா என்ன? மொகம் தெளிவாத் தெரியும்."

அவன் கை தன்னையறியாமல் தன் மீசைக்குப் போனது. "மீசைதாங்க அதுக்குக் கண்ணு, கை எல்லாம். அது இல்லாட்டி சோறு எங்க கெடக்குன்னே தெரியாது."

"அப்ப ஒங்களுக்கு?"

 அடுத்த சனிக்கிழமை ஆற்று மணல் ஒரு மூட்டை வந்தது. மாவுபோல மெத்தென்ற மணல். கெளுத்திகள் அதில் கண் மறையும்வரை முகத்தைப் புதைத்துக்கொண்டு விளையாடின. இரண்டு பேரும் தொட்டியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தார்கள். நடுவில் தண்ணீர்... அதற்கு அந்தப் பக்கம் அவன் முகம் அலையலையாக அசைந்தது. அவள் பார்த்தால் அவன் மீனைப் பார்ப்பான். அவன் பார்த்தால் அவள் மீனைப் பார்ப்பாள்.

குடம்? அதைப் பற்றிக் கேட்காத சனிக்கிழமை இல்லை. தொட்டிக்குத் தண்ணீர் பிடித்து ஒரு நாள் வைத்திருக்க அதுதான் தோதாக இருக்கிறது என்பான். தங்கியிருக்கும் அறையில் தேடினேன், கிடைக்கவில்லை என்பான். அத்தை வீட்டில் திட்டுவதை அவள் ஒன்று விடாமல் வந்து சொல்லுவாள். உள்ளுக்குள்ளே, அவன் அதைக் கொடுத்துவிடக் கூடாதே என்று இருக்கும்.

வெள்ளிக்கிழமையே ஆரம்பித்துவிடும் அந்தத் தவிப்பு. நோயாளிகளின் சீட்டைப் பார்த்துக் கூப்பிடும்போது பெயரை மாற்றிக் கூப்பிடுவாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாள். பல்வலிக்காரர்தான் வந்திருப்பார்.

*

அக்டோபர் கடைசியில் அவன் வந்தபோது வழக்கமான சிரிப்பு இல்லை. டாக்டரம்மாவிடம்தான் முதலில் சொன்னான். சவுதியில் எலக்ட்ரீசியன் வேலை, இரண்டு வருஷம், விசா வந்துவிட்டது, பம்பாய் போய் அங்கிருந்து விமானம். டாக்டரம்மா வாழ்த்தினார். பண்ணைக்காட்டில் அப்பாவின் வாழைத்தோட்டம் சூறைக்காற்றில் படுத்துக் கிடக்கிறது என்று லீமாவுக்குத் தெரியும். போகத்தான் வேண்டும். அதையெல்லாம் அவளிடம் அல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்?

தொட்டியருகே வந்து நின்றான். 

"ரெண்டு வருஷம்ங்கிறது சின்னக் காலம் இல்லைங்க..." என்றான். "யாரையும் காத்திருக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு?"

இதுதான் அவன் கேட்ட விதம். கேட்காமலேயே பதிலையும் அவனே எழுதிக்கொண்டான். லீமாவின் மூக்கு நுனி சிவந்தது.

"யாரு காத்திருக்கேன்னு சொன்னா?"

அவன் மணலைப் பார்த்தபடி நின்றான். "இல்லை... சும்மா சொன்னேன்."

"நல்லபடியாப் போயிட்டு வாங்க."

சொல்லிவிட்டுச் சீட்டுகளை அடுக்கப் போய்விட்டாள். ஏற்கனவே அடுக்கி வைத்த சீட்டுகள்தான். கலைத்து மறுபடி அடுக்கினாள். அவன் போன சத்தம் கேட்டது. திரும்பியிருக்கலாம்... திரும்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை காலையிலிருந்தே வானம் இருண்டு கிடந்தது. புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னார்கள். மலை முழுக்க மேகத்துக்குள் போய்விட்டது. மதியத்துக்கு மேல் பஸ் ஸ்டாண்டு டீக்கடை வேலுச்சாமி நனைந்துகொண்டு வந்து கிளினிக் வாசலில் எதையோ வைத்தார்.

மஞ்சள் குடம்.

"அடைக்கலராஜ் தம்பி குடுக்கச் சொன்னுச்சும்மா. மூணரை பஸ்ஸுக்கு ஊருக்குப் போகுது. திங்கக்கிழமை பம்பாய் ரயிலாம்."

வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். டீக்கடைக்காரர் யோசித்துப் பார்த்துவிட்டு இல்லை என்றார்.

குடம் பளபளவென்று தேய்த்துக் கழுவப்பட்டிருந்தது. பாசி வாசனைகூட இல்லை. இத்தனை நாள் தேடினேன், கிடைக்கவில்லை என்றவனுக்கு இன்றைக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது? கணக்கு முடிந்தது என்கிறானா? லீமாவுக்கு அழுகை வரவில்லை. கைதான் சும்மா இருக்கவில்லை. தொட்டித் தண்ணீரில் பாதியை இறக்கினாள். குடத்தைத் தூக்கிக்கொண்டுபோய்த் தகரக் கூரையிலிருந்து கொட்டும் மழையில் பிடித்தாள். கொண்டுவந்து ஊற்றினாள். மறுபடி பிடித்தாள், மறுபடி ஊற்றினாள். மனம் மட்டும் மூணரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தது. மூலையில் கெட்டில் காய்ந்து கிடந்ததை அவள் பார்க்கவே இல்லை.

தொட்டி நிறைந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

கெளுத்திகள் பைத்தியம் பிடித்ததுபோல ஓடிக்கொண்டிருந்தன. அடியை விட்டு நகராத மீன்கள் கண்ணாடியோரமாக மேலும் கீழும், மேலும் கீழும்... ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, புரண்டு, மூச்சு வாங்கக்கூட நிற்காமல். கையை விட்டுப் பார்த்தாள். ஐஸ்.

கொன்றுவிட்டாள். பஸ்ஸில் உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து அவன் காப்பாற்றிய ஆறு உயிரையும் கொன்றுவிட்டாள்.

டாக்டரம்மா உள்ளே ஒருவருடைய பல்லோடு போராடிக்கொண்டிருந்தார். இதோ வந்துவிடுகிறேன் என்று கதவுக்கு வெளியிலிருந்தே சொல்லிவிட்டு லீமா ஓடினாள். குடை எடுக்கவில்லை. சால்வை எடுக்கவில்லை. ஏழு ரோடு சந்திப்பின் இறக்கத்தில் செருப்பு வழுக்கியது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

பஸ் ஸ்டாண்டில் மூணரை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. எல்லா ஷட்டரும் மூடியிருந்தன. எந்த ஜன்னல் என்று தெரியாமல் ஒவ்வொரு தகரமாகத் தட்டிக்கொண்டே போனாள். நாலாவதோ ஐந்தாவதோ மேலே ஏறியது. அந்தக் கண்கள்...

"எறங்குங்க."

"என்னாச்சுங்க? ஏன் இப்படி நனைஞ்சு..."

"ஒங்க மீனைக் கொன்னுட்டேன். வெரசா எறங்குங்க."

அவன் அடுத்த நொடியே இறங்கிவிட்டான். பெட்டி மேலே கட்டியிருந்தது. அதை நிமிர்ந்து பார்த்தவனிடம் கண்டக்டர் நல்லசாமி, பெட்டியைப் பண்ணைக்காட்டில் இறக்கி வைக்கிறேன், நீ நாளைக்கு வெள்ளனே வா என்றார். பிறகு நனைந்து நின்ற லீமாவைப் பார்த்துவிட்டு, விசில் ஊதக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

*

அவன் தொட்டியின் முன் மண்டியிட்டு உட்கார்ந்தான். பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் பின்னால் நின்று விசும்பினாள். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று எட்டிப் பார்த்தால்... சிரிக்கிறான்.

"என்ன தண்ணி ஊத்துனீங்க?"

"மழைத் தண்ணி. பச்சையா. வெந்நீர் கலக்க மறந்துட்டேன்."

"நீங்களா மறந்தீங்க?"

"குடம் வந்துச்சுல்ல..." என்றாள். அதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

அவன் விரல் கண்ணாடியில் ஓர் இடத்தைத் தொட்டது. "இங்க பாருங்க."

கண்ணாடியில் கடுகு அளவு முத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு பெரிய கெளுத்தி வயிற்றடியில் இன்னும் சில முத்துகளைச் சுமந்துகொண்டு வந்து, கண்ணாடியை வாயால் துடைத்து, ஒட்டிவிட்டுப் போனது. அதன் பின்னாலேயே இரண்டு மீசைக்காரர்கள் விடாமல் ஓடினார்கள்.

இது சாவு இல்லை, கல்யாணம் என்றான் அவன். அதுகளின் ஊரில் மழை வந்தால் ஆற்றில் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் இறங்குமாம். அதற்காகவே காத்திருந்து ஜோடி சேருமாம். அவன் மதுரையில் படிக்கும்போதும் வளர்த்தான், இங்கேயும் வளர்த்தான், ஒரு முட்டைகூடப் பார்த்ததில்லை.

"சூடு கொறைஞ்சுரக் கூடாதுன்னு பயந்து பயந்து... வெதுவெதுன்னே ஊத்தியிருக்கேன்."

லீமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க எல்லாத்துலயும் அப்படித்தான். பேச்சுகூட வெதுவெதுன்னுதான். கைக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது."

அவன் திரும்பினான். ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் ஓர் ஏஞ்சல் மீன் ராணிமாதிரி நகர்ந்து வந்து ஒரு முட்டையைக் கொத்திக்கொண்டு போனது.

பிறகு பேச நேரம் இல்லை. காலி ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவித் தொட்டித் தண்ணீரையே பிடித்துக்கொண்டு வந்தாள். முட்டையை நகத்தால் சுரண்டக் கூடாது, விரல் நுனியால் மெல்ல உருட்டினால் பிசினோடு தானே வரும் என்று அவன் காட்டிக் கொடுத்தான். இரண்டு பேர் கையும் தண்ணீருக்குள். ஏஞ்சலை அவள் இடது கையால் விரட்டினாள், வலது கையால் உருட்டினாள். ஒரே முட்டைக்கு இரண்டு விரல்கள் வந்து சேர்ந்தன. தண்ணீர் ஜில்லென்று இருந்தது. விரல் மட்டும் சுட்டது. யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

வெளியே, கீழ்வளைவில் மூணரை பஸ்ஸின் ஹாரன் கேட்டுத் தேய்ந்தது.

"உரிமை இல்லைன்னீங்க..." என்றாள் அவள், தண்ணீரைப் பார்த்தபடியே. "உரிமை இல்லாட்டி கேக்கக்கூடவா கூடாது? கேட்டாத்தான மாட்டேன்னாவது நான் சொல்ல முடியும்."

"மாட்டேன்னு சொல்லிருவீங்களோன்னுதான்... குடத்தைக்கூட நேர்ல கொண்டாரலை. கொண்டாந்தா பஸ் ஏறியிருக்க மாட்டேன்."

"இப்பக் கேளுங்க."

"இப்பவா?"

"கை ஈரமா இருக்கும்போதே கேளுங்க. காஞ்சுருச்சுன்னா ரெண்டு பேருக்கும் மறுபடி ரோஷம் வந்துரும்."

அவன் பெருமூச்சு விட்டான். இத்தனை சனிக்கிழமைகளில் ஒருமுறைகூடச் சொல்லாத பெயரைச் சொன்னான்.

"லீமா... ரெண்டு வருஷம். எனக்காக இருப்பியா?"

 அவள் இன்னொரு முட்டையை உருட்டிப் பாட்டிலுக்குள் விட்டாள். அது மெதுவாகச் சுழன்று அடியில் போய் உட்கார்ந்தது.

"இருப்பேன். ஆனா பேசாம இருக்க மாட்டேன். குஞ்சு பொரிஞ்சதும் எல்லாத்துக்கும் ஒங்க பேரை வச்சு, தெனமும் திட்டிக்கிட்டு இருப்பேன்."

"திட்டு..." என்றான் அவன்.  "ஒங்க அப்பாகிட்ட யாரு சொல்றது?"

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் அட்டுவம்பட்டியில எங்க வீட்டுக்கு நீங்களே வந்து சொல்லுங்க. அத்தைக்கு மட்டும் கொஞ்சம் பயந்து பேசுங்க. அவங்க கணக்குல நீங்க குடம் திருடுனவரு."

உள்ளேயிருந்து டாக்டரம்மா வெளியே வந்தார். நனைந்து நிற்கும் இரண்டு பேரையும், தரையெல்லாம் தண்ணீரையும் பார்த்தார். பல் யாருக்கும் வலிக்கவில்லையே என்று கேட்டுவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார்.

பாட்டிலின் வாயில் நூல் கட்டித் தொட்டிக்குள்ளேயே மிதக்கவிட்டார்கள். தொட்டியின் ஹீட்டரில் அதுவும் சேர்ந்து சூடேறும். அவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது லீமா மூலையிலிருந்த மஞ்சள் குடத்தை எடுத்து அவன் கையில் வைத்து அழுத்தினாள்.

"இது எதுக்கு?"

"எடுத்துட்டுப் போங்க."

"எங்க... பண்ணைக்காட்டுக்கா?"

"சவுதிக்கு. திருப்பிக் குடுக்கணுமேங்கிற நெனப்பு ஒங்களுக்கு இருக்கணும்ல? இவ்வளவு சீக்கிரமாக் குடுத்தா நான் வாங்கிக்க மாட்டேன்."

"ஏரோப்ளேன்ல பிளாஸ்டிக் குடத்தோட ஏறுற ஆளு நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்."

"மூடியைத் தொலைச்சுராதீங்க. அத்தை எண்ணிப் பாப்பாங்க."

அவன் குடத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். பஸ்ஸில் முதல் நாள் அந்தப் பையை அணைத்திருந்தானே, அதே மாதிரி.

தொட்டியில் ஓட்டம் அடங்கிவிட்டது. களைத்துப்போய் மணலில் கிடந்த பெரிய கெளுத்தி அவளைப் பார்த்துக் கண்ணைக் கீழே உருட்டி மேலே கொண்டுவந்தது.

லீமா நிமிர்ந்து பார்த்தாள்.

இந்தத் தடவை கண்ணடித்தது மீன் மட்டும் இல்லை.